மருத்துவமனையில் கெமிக்கலைக் குறைப்பது: எதில் தொடங்கி, எதைக் கடைசியில் தொடுவது

சென்னையில் முப்பது முதல் நூறு படுக்கை வரை உள்ள தனியார் மருத்துவமனைகளை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். தொற்றுத் தடுப்பு சிஸ்டர், குவாலிட்டி பிரிவில் இருப்பவர், ஹவுஸ்கீப்பிங் சூப்பர்வைசர் என இந்தப் பொறுப்பு யார் தலையில் விழுந்தாலும் வேலை ஒன்றுதான். அரசு மருத்துவமனைகளுக்கும் பெரும்பகுதி பொருந்தும். அங்கே கொள்முதல் பெரும்பாலும் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் வழியாக நடப்பதால், பொருள் வாங்கும் விஷயத்தில் மட்டும் வழி வேறு.

புதிதாக இறங்குகிறவர்கள் முதலில் தேடுவது ‘இயற்கையானது’ என்று லேபிள் ஒட்டிய மாற்றுப் பொருளை. அது கடைசி வேலை. மருத்துவமனைக்குள் வரும் கெமிக்கலில் பெரும்பகுதி, தேவையே இல்லாத இடத்தில் ஊற்றப்படுகிறது; அல்லது தேவைக்குப் பல மடங்கு கெட்டியாகக் கலக்கப்படுகிறது. அந்த இரண்டையும் நிறுத்தினால், மாற்று தேட வேண்டிய இடங்கள் கைவிரலில் எண்ணும் அளவுக்குச் சுருங்கிவிடும்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

தொற்றுத் தடுப்புக் குழுவின் எழுத்துபூர்வ ஒப்புதல் முதலில் வேண்டும். இது இல்லாமல் பினாயிலை நிறுத்தினால், அடுத்த மாதம் எந்த நோயாளிக்குக் காய்ச்சல் வந்தாலும் பழி உங்கள் மேல்தான். ஒரு மயக்க மருந்து நிபுணர், ஒரு அறுவை நிபுணர், நர்சிங் சூப்பரின்டென்டென்ட் ஆகிய மூவரின் கையெழுத்தாவது கோப்பில் இருக்கட்டும்.

இரண்டாவது, ஒழுங்காக வேலை செய்யும் ஆட்டோகிளேவ் (அழுத்த நீராவியால் கருவிகளைக் கிருமி நீக்கும் மெஷின்). நீராவியால் முடிகிற வேலைக்குக் கெமிக்கல் தேவையில்லை என்பதுதான் பின்னால் வரும் பல படிகளுக்கு அடிப்படை. ஆட்டோகிளேவே சந்தேகமாக இருந்தால் அந்த வாதம் எடுபடாது. தினமும் போவி-டிக் சோதனை (நீராவி உள்ளே முழுதாக ஊடுருவுகிறதா என்று பார்ப்பது), குறித்த இடைவெளியில் உயிரியல் இண்டிகேட்டர் சோதனை (கிருமி உண்மையில் சாகிறதா என்று பார்ப்பது) இரண்டும் பதிவாகின்றனவா என்று பாருங்கள். இல்லையென்றால் அதைச் சரி செய்துவிட்டுத் திரும்பி வாருங்கள்.

மூன்றாவது, சின்னச் சாமான்கள்: அளவு போட்ட கப்புகள், லிட்டர் கோடு போட்ட பக்கெட்டுகள், குளோரின் அளக்கும் ஸ்ட்ரிப், அழியாத மார்க்கர், நைட்ரைல் கையுறை. எல்லாம் சேர்த்தாலும் பெரிய செலவு இல்லை. ஆனால் இவை வந்து சேரும் முன்பே பயிற்சி வகுப்பை நடத்திவிட்டால், கேட்டவர்கள் மறுநாளே பழையபடி மூடியில் அளந்து ஊற்றத் தொடங்கிவிடுவார்கள்.

2. கணக்கெடுப்பு: ஸ்டோர் ரெஜிஸ்டரை நம்ப வேண்டாம்

மூன்று மாதக் கொள்முதல் பில்களை எடுத்துக்கொள்ளுங்கள். அதோடு நின்றுவிடாமல், ஹவுஸ்கீப்பிங்கில் நெடுநாளாக இருக்கும் ஒரு அக்காவோடு மாடி மாடியாக நடங்கள். பில்லில் இருப்பதும் அலமாரியில் இருப்பதும் ஒத்துப்போவதே இல்லை.

பார்க்க வேண்டிய இடங்கள்: ஒவ்வொரு சிங்க்குக்கும் அடியில், அறுவை அரங்கின் (ஓ.டி.) பின்பக்க அலமாரி, லேப், எண்டாஸ்கோப்பி அறை (உடலுக்குள் குழாய்க் கேமரா விட்டுப் பார்க்கும் இடம்), லாண்டரி, கேன்டீன், லிஃப்ட் அறை, கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம், டிரைவர்கள் உட்காரும் இடம். தண்ணீர் பாட்டிலிலும் பழைய குளிர்பான பாட்டிலிலும் லேபிள் இல்லாமல் ஊற்றி வைத்த திரவங்கள் கண்டிப்பாக அகப்படும். யாராவது குடித்துவிடக்கூடிய பாட்டில்கள் இவை. அன்றைக்கே அப்புறப்படுத்துங்கள், பட்டியல் முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

நைட் டியூட்டி ஆட்களிடம் தனியாகக் கேளுங்கள். பகலில் பூட்டிய ஸ்டோரில் இருந்து வருவது ஒன்று. இரவில் வார்டு அலமாரியில் பதுக்கி வைத்ததிலிருந்து எடுப்பது வேறொன்று.

ஒவ்வொரு பொருளுக்கும் ஐந்தே விவரம் போதும்: பெயரும் செறிவும், எந்த வேலைக்கு, யார் கலக்கிறார்கள், எவ்வளவு ஊற்றுகிறார்கள், மாதத்துக்கு எத்தனை லிட்டர். ‘எவ்வளவு ஊற்றுகிறார்கள்’ என்பதை வாயால் கேட்டு எழுதக் கூடாது, ஊற்றச் சொல்லி அளக்க வேண்டும். “ஒரு மூடி” என்று சொல்பவர் கையில் இருப்பது ஐந்து லிட்டர் கேனின் மூடியா, ஒரு லிட்டர் பாட்டிலின் மூடியா என்பதிலேயே கணக்கு மாறிப்போகும்.

உற்பத்தியாளரின் பாதுகாப்புத் தகவல் தாளை ஒவ்வொரு பொருளுக்கும் கேட்டு வாங்குங்கள். பாரிமுனைப் பக்கம் நைனியப்ப நாயக்கன் தெருவில் சில்லறையாக வாங்கி வந்த, பெயர் மட்டும் எழுதிய கேனுக்கு அந்தத் தாள் கிடைக்காது. கிடைக்காத பொருளை ‘நிறுத்த வேண்டியவை’ பட்டியலில் முதலில் எழுதுங்கள்.

3. நான்காகப் பிரித்து, எளியதிலிருந்து தொடங்குங்கள்

பட்டியலை நான்காகப் பிரியுங்கள். முழுதாக நிறுத்தக்கூடியவை, செறிவைக் குறைக்கக்கூடியவை, மாற்று தேட வேண்டியவை, வைத்துக்கொண்டே கட்டுப்படுத்த வேண்டியவை.

பிரிக்கும்போது ஒரு கேள்வி உதவும்: இந்தப் பொருள் தொடும் கருவியோ பரப்போ நோயாளியின் உடலில் எங்கே படுகிறது? ரத்தத்துக்குள், திசுவுக்குள் போகும் கருவி முழுக் கிருமி நீக்கம் செய்யப்பட வேண்டும். வாய், தொண்டை, குடல் போன்ற ஈரச்சவ்வைத் தொடும் கருவிக்கு உயர்நிலைக் கிருமி நாசினி. காயமில்லாத தோலை மட்டும் தொடும் பொருளுக்குச் சோப்பும் தண்ணீரும், தேவைப்பட்டால் லேசான கிருமி நாசினி. தரை நோயாளியைத் தொடுவதே இல்லை. ஆனால் பெரும்பாலான இடங்களில் அதிக லிட்டர் போவது தரைக்குத்தான்.

அதனால் வரிசை இப்படி: தரை, பிறகு ஹைப்போ (குளோரின் கரைசல்), பிறகு ஓ.டி.யில் புகை போடும் ஃபார்மலின், கடைசியில்தான் எண்டாஸ்கோப்பும் சி.எஸ்.எஸ்.டி.யும் (கருவிகளைக் கிருமி நீக்கும் பிரிவு). தலைகீழாகப் போனால் முதல் மாதமே மருத்துவர்களோடு மோதல் வரும், பணமும் நிறையச் செலவாகும், காட்டுவதற்குப் பலன் ஒன்றும் இருக்காது.

4. தரை: பினாயிலை விடுவது

பொது வராண்டா, பில்லிங், ஓ.பி. காத்திருப்புப் பகுதி, படிக்கட்டு, அலுவலகம் ஆகிய இடங்களுக்குச் சோப்புத்தண்ணீர் போதும். ரத்தமோ உடல் திரவமோ சிந்தினால் மட்டும் அந்த இடத்துக்குத் தனிக் கவனிப்பு. வார்டு, ஐ.சி.யூ., ஓ.டி., டயாலிசிஸ் ஆகியவற்றுக்குத் தனித்தனியே விதி எழுதுங்கள். மாடிப் படத்தை அச்சிட்டு இரண்டு நிறத்தில் தீட்டி ஒட்டிவிட்டால், படிக்கத் தயங்குகிறவர்களுக்கும் புரியும்.

பச்சிளங்குழந்தைப் பிரிவில் பினால் வகைப் பொருள் எதுவும் கூடாது. பினால் கலவையால் தொட்டிலையும் இன்குபேட்டரையும் துடைத்ததால் குழந்தைகளுக்கு ரத்தத்தில் பிலிருபின் (மஞ்சள் காமாலை உண்டாக்கும் நிறமி) ஏறிய நிகழ்வுகள் மருத்துவ இலக்கியத்தில் பதிவாகியிருக்கின்றன. இதே பிரிவில் இன்னொன்றையும் தேடுங்கள்: துணி அலமாரியில் போடும் பாச்சை உருண்டை. நாஃப்தலீன் உருண்டைகளோடு வைத்த துணியைச் சுற்றினால், ஜி6பிடி என்ற நொதிக் குறைபாடுள்ள குழந்தைக்கு ரத்தச் சிவப்பணுக்கள் சிதைந்து கடும் மஞ்சள் காமாலை வரலாம். கழிப்பறைச் சிறுநீர்த் தொட்டியில் கிடக்கும் வண்ண உருண்டைகளையும் சேர்த்தே அகற்றிவிடலாம். அவை வாசனையைத் தவிர எதுவும் செய்வதில்லை.

இங்கே வரும் பெரிய தடை கிருமி அல்ல, மூக்கு. “பினாயில் வாசனையே வரலியே, இன்னிக்குக் கூட்டித் துடைச்சீங்களா?” என்று நோயாளியோடு வந்திருக்கும் அட்டெண்டர்கள் கேட்பார்கள். அதைக் கேட்டுப் பயந்து, சூப்பர்வைசர் ரகசியமாக ஒரு கேன் வாங்கி வைப்பார். வாசல் பலகையில் ‘இந்தத் தளம் வாசனை இல்லாத சோப்பால் நாளுக்கு மூன்று முறை சுத்தம் செய்யப்படுகிறது, கடைசியாகச் செய்த நேரம்’ என்று எழுதி, நேரத்தைக் குறித்துக்கொண்டே வந்தால் கேள்வி அடங்கிவிடும்.

மாப்பைப் பொறுத்தவரை, ஒரே பக்கெட்டில் முக்கி முக்கித் துடைப்பதுதான் பழைய பழக்கம். நாலாவது அறை வரும்போது அழுக்குத் தண்ணீரைத்தான் பூசுகிறார்கள், அதனால் வாசனை கூட்டும் பொருளை அதிகம் ஊற்றுகிறார்கள். சோப்புக்கு ஒன்று, அலசுவதற்கு ஒன்று என்று இரண்டு பக்கெட்டும், அறைக்கொரு மைக்ரோஃபைபர் துணியும் வந்துவிட்டால், கெமிக்கல் தானாகக் குறையும். மைக்ரோஃபைபரை ஹைப்போவில் ஊற வைக்கக் கூடாது, இழை கெட்டுவிடும். வெந்நீரில் சோப்புப் போட்டுத் துவைத்தால் போதும்.

வேளச்சேரி, ஓ.எம்.ஆர். போன்ற பகுதிகளில் போர் தண்ணீர் கடினமாக இருக்கும் கட்டடங்களில் சோப்பு நுரைக்காது. நுரை வரவில்லை என்று இரண்டு மடங்கு ஊற்றுவார்கள். தண்ணீரின் கடினத்தன்மையை ஒருமுறை பரிசோதித்து, மென்னீராக்கும் கருவி வழியாகச் சுத்தம் செய்யும் தண்ணீரைத் தனியே கொடுத்துவிட்டால், சோப்புச் செலவும் தரையில் படியும் பிசுபிசுப்பும் குறையும்.

5. ஹைப்போ: செறிவில்தான் எல்லாம்

சோடியம் ஹைப்போகுளோரைட்டை முழுதாக நிறுத்த வேண்டியதில்லை. மலிவானது, வேலை செய்யக்கூடியது. அதைக் கையாளும் விதத்தில்தான் கோளாறு.

முதலில் கேனின் மேல் என்ன செறிவு என்று பாருங்கள். சந்தையில் 5 சதவீதமும் கிடைக்கிறது, 10 சதவீதமும் கிடைக்கிறது. இரண்டும் ஒரே நிறக் கேனில் வரும். சப்ளையர் மாறியதும் செறிவு மாறும், கலக்கும் அளவு மட்டும் மாறாமல் தொடரும். ஒரே செறிவை மட்டும் வாங்குவது என்று முடிவு செய்து கொள்முதல் ஆணையில் எழுதிவிடுங்கள்.

அடிக்கடி தொடும் பரப்புகளுக்கு 0.1 சதவீதம் போதும். அதாவது 10 லிட்டர் தண்ணீருக்கு, 5 சதவீத ஹைப்போ என்றால் 200 மில்லி, 10 சதவீதம் என்றால் 100 மில்லி. ரத்தம் சிந்திய இடத்துக்கு 0.5 முதல் 1 சதவீதம். ஒரு லிட்டர் 1 சதவீதக் கரைசலுக்கு, 5 சதவீத ஹைப்போவில் 200 மில்லியும் தண்ணீரில் 800 மில்லியும். 10 சதவீதம் என்றால் 100 மில்லியும் 900 மில்லியும். இந்த இரண்டு கணக்கைத் தவிர வேறெதையும் சுவரில் ஒட்டாதீர்கள். பத்து வரி அட்டவணையை ஒட்டினால் ஒருவரும் பார்க்க மாட்டார்கள்.

பயிற்சியில் தவறாமல் வரும் கேள்வி ஒன்று: “கொஞ்சம் கூட ஊத்துனா நல்லாச் சாகும்ல சிஸ்டர்?” இதற்கு ‘ஊற்றக் கூடாது’ என்று மட்டும் பதில் சொன்னால் அடுத்த ஷிஃப்டில் ஊற்றுவார்கள். ஒரு தட்டில் கொஞ்சம் மண்ணையும் சோப்பு போடாத அழுக்குத் துணியையும் வைத்து, அதன் மேல் ஹைப்போவை ஊற்றி, சில நிமிடம் கழித்து ஸ்ட்ரிப்பை வைத்துக் காட்டுங்கள். குளோரின் அளவு விழுந்திருக்கும். அழுக்கு குளோரினைத் தின்றுவிடுகிறது. முதலில் சோப்பால் கழுவிய பரப்புக்கு 0.1 போதும், கழுவாத பரப்புக்கு 1 சதவீதமும் போதாது. கண்ணால் பார்த்தவர்கள் பிறகு அதைத் தாங்களே புது ஆட்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள்.

ரத்தச் சிந்தலிலும் இதே வரிசை. கையுறை போட்டு, உறிஞ்சும் தாளால் ஒற்றி எடுத்து, எரிக்கப் போகும் கழிவுக்கான மஞ்சள் பையில் போடுங்கள். சோப்புத்தண்ணீரால் துடையுங்கள். அதன் பிறகு ஹைப்போவை ஊற்றி 10 நிமிடம் விட்டுத் துடையுங்கள். சிறுநீர் சிந்திய இடத்தில் நேரடியாக ஹைப்போ ஊற்றக் கூடாது, அம்மோனியாவோடு சேர்ந்து மூச்சைத் திணறடிக்கும் வாயு வரும்.

கழிப்பறை ஆசிட்டும் ஹைப்போவும் ஒரே அலமாரியில் இருக்கவே கூடாது. இரண்டும் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும். ‘ரெண்டையும் போட்டாத்தான் கறை போகும்’ என்று நம்பும் பழக்கம் நம் ஊரில் பரவலாக உண்டு. கறைக்குக் காரணம் கடின நீர், அதற்கு மிதமான அமிலக் கிளீனர் ஒன்று போதும், அதுவும் தனியாக. தப்பித்தவறிக் கலந்து நெடி வந்தால், மேலும் தண்ணீர் ஊற்றிக்கொண்டு நிற்காமல் கதவைத் திறந்துவிட்டு எல்லோரும் வெளியே வர வேண்டும் என்பதையும் பயிற்சியிலேயே சொல்லிவிடுங்கள்.

சென்னை வெயிலுக்கு ஹைப்போ தாங்காது. மொட்டைமாடித் தகர ஷெட்டில் மே மாதம் வைத்த கேன், அக்னி நட்சத்திரம் முடியும்போது லேபிளில் போட்ட செறிவில் இருக்காது. ‘வேலை செய்யல’ என்று இன்னும் அதிகம் ஊற்றுவார்கள். நிழலில், குளிர்ந்த அறையில் வையுங்கள், தயாரித்த தேதி பார்த்துப் பழையதை முதலில் எடுங்கள், இரண்டு மாதத்துக்கு மேல் தேவைப்படுவதை ஒரேயடியாக வாங்காதீர்கள். கலந்த கரைசலைத் தினமும் புதிதாகக் கலக்க வேண்டும். வெந்நீரில் கலக்கக் கூடாது. அதேபோல பேஸ்மெண்டிலும் ஸ்டோரை வைக்காதீர்கள். 2015 வெள்ளத்திலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் தரைத்தளத்தில் தண்ணீர் புகுந்த கட்டடங்கள் இந்த நகரத்தில் ஏராளம்.

ஸ்ப்ரே பாட்டிலில் ஊற்றிப் பீய்ச்சுவதை நிறுத்துங்கள். துணியில் நனைத்துத் துடைத்தால்தான் பரப்பு முழுதும் படும், துடைப்பவரின் மூச்சுக்குள்ளும் போகாது.

6. கழிவுப் பைகளில் ஊற்றும் ஹைப்போ

இது பலருக்குத் தெரியாத பெரிய மிச்சம். மஞ்சள் பைக் கழிவிலும் சிவப்புப் பை ஐ.வி. குழாய்களிலும் ஹைப்போவை ஊற்றிக் கட்டுவதைப் பல இடங்களில் பார்க்கலாம். 2016 உயிர்மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, எரியூட்டலுக்குப் போகும் கழிவுக்குக் கெமிக்கல் முன்சிகிச்சை கூடாது. லேப், மைக்ரோபயாலஜி போன்ற மிகத் தொற்றுத்தன்மை உள்ள கழிவுக்கு மட்டும் விலக்கு. குளோரின் சேர்ந்த பொருளை எரித்தால் டையாக்சின் உருவாகும் என்பதுதான் காரணம். சிவப்புப் பை பொது சுத்திகரிப்பு நிலையத்தில் ஆட்டோகிளேவ் ஆகிறது, அதற்கும் நீங்கள் ஊற்றுவது வீண்.

குளோரின் சேர்ந்த பிளாஸ்டிக் பைகளையும் கையுறைகளையும் நிறுத்த வேண்டும் என்பதும் அதே விதிகளில் இருக்கிறது. பை வாங்கும்போது பி.வி.சி. இல்லை என்று எழுதி வாங்குங்கள்.

சொந்தக் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் இருந்தால் அதன் ஆபரேட்டரை இந்தக் கட்டத்தில் கூப்பிட்டுப் பேசுங்கள். வடிகாலில் போகும் ஹைப்போ அங்கே வேலை செய்யும் பாக்டீரியாக்களைக் கொன்றுவிடும். தொட்டி நாறுகிறது என்று அவர் மாதாமாதம் கல்ச்சர் பவுடர் (பாக்டீரியாப் பொடி) வாங்கிப் போட்டுக்கொண்டிருப்பார். காரணம் மேல் மாடியில் இருப்பது அவருக்குத் தெரியாது.

7. ஓ.டி.யில் ஃபார்மலின் புகையை நிறுத்துவது

சனிக்கிழமை இரவு பொட்டாசியம் பெர்மாங்கனேட்டில் ஃபார்மலினை ஊற்றிக் கதவை அடைத்துவிட்டுப் போவது இன்னும் பல இடங்களில் நடக்கிறது. ஃபார்மால்டிஹைடு மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-ல் முடிவு செய்தது. அந்தக் கலவை பெருமளவு சூட்டோடு பொங்குவதால் தீ ஆபத்தும் உண்டு. திங்கள் காலை முதலில் கதவைத் திறக்கும் சிஸ்டரின் கண்தான் முதலில் எரியும். இவ்வளவுக்கும், அழுக்குப் படிந்த பரப்பில் புகை போட்டால் அழுக்கு அங்கேயே இருக்கும். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் 2008 வழிகாட்டி, நோயாளிப் பகுதிகளில் வழக்கமாகக் கிருமி நாசினிப் புகை போடுவதைப் பரிந்துரைப்பதில்லை.

ஆனால் எடுத்த எடுப்பில் நிறுத்தாதீர்கள். ஃபியூமிகேஷன் (புகை போடுவது) இல்லாவிட்டால் என்ன செய்யப்போகிறோம் என்பதை முதலில் நிலைநாட்ட வேண்டும்.

காற்றில் தொடங்குங்கள். மருத்துவமனைகளுக்குத் தரச்சான்று தரும் என்.ஏ.பி.எச்.-ன் ஓ.டி. வழிகாட்டுதல் பொது ஓ.டி.க்கு மணிக்குக் குறைந்தது 20 காற்று மாற்றம், வெளியைவிட உள்ளே கூடுதல் அழுத்தம், 21 டிகிரியை ஒட்டிய வெப்பம், 20 முதல் 60 சதவீத ஈரப்பதம் என்று கேட்கிறது. சுவரில் மாட்டிய ஸ்ப்ளிட் ஏ.சி. மட்டும் உள்ள அறையில் இது நடக்காது, அறையின் காற்றையே அது சுற்றிச் சுற்றி விடும். அப்படிப்பட்ட ஓ.டி.யில் முதல் செலவு காற்றோட்ட அமைப்புக்குத்தான்.

அடுத்து, ஒவ்வொரு அறுவைக்கும் இடையில் மேசை, விளக்கின் கைப்பிடி, மயக்க மருந்து மெஷின், டிராலி எல்லாம் சோப்பாலும் பிறகு அனுமதிக்கப்பட்ட பரப்புக் கிருமி நாசினியாலும் துடைக்கப்பட வேண்டும். நாள் முடிவில் தரையும் சக்கரங்களும். வாரம் ஒருமுறை சுவர், அலமாரி, ஏ.சி. கிரில். இதற்கான நேரம் ஓ.டி. லிஸ்டிலேயே ஒதுக்கப்பட்டிருக்க வேண்டும். இரண்டு கேஸுக்கு நடுவில் பத்து நிமிடம்கூட இல்லாமல் லிஸ்ட் போட்டுவிட்டுச் சுத்தத்தைக் குறை சொல்வதில் அர்த்தமில்லை.

இவை ஒரு மாதம் ஓடிய பிறகு புகையை நிறுத்துங்கள். அறுவை நிபுணர்கள் சம்மதிப்பதுதான் கடினம். ‘முப்பது வருஷமா போடறோம்’ என்பதற்கு எதிராக வாதாடாதீர்கள். சுத்தப் பட்டியலையும், காற்று மாற்ற அளவீட்டுச் சான்றையும், அறுவைக்காயத் தொற்றுப் பதிவையும் முன்னே வையுங்கள். மாதாந்திர ஸ்வாப் கல்ச்சரை (பரப்பைத் துடைத்தெடுத்துக் கிருமி வளர்கிறதா என்று பார்ப்பது) மட்டும் வைத்துப் பேசினால், ஒரு தட்டில் ஏதாவது வளர்ந்த அன்றே புகை திரும்பி வந்துவிடும்.

வடகிழக்குப் பருவமழையில் ஓ.டி.யில் பூஞ்சை வாடை வந்தால் உடனே ஃபார்மலினைக் கேட்பார்கள். அது ஏ.சி. டக்டில் தேங்கிய ஈரம், அல்லது மேல்தளக் கசிவு. பிளம்பரையும் ஏ.சி. மெக்கானிக்கையும் கூப்பிட வேண்டிய விஷயம்.

ஓ.டி. அலமாரியில் ஃபார்மலின் மாத்திரை போட்ட கண்ணாடிப் பெட்டி இருந்தால், அதையும் காலி செய்யுங்கள். உள்ளே இருக்கும் கருவிகளில் பெரும்பாலானவை இப்போது ஆட்டோகிளேவ் தாங்கும்.

8. குளுட்டரால்டிஹைடு: நிறுத்தும் முன் எண்ணுங்கள்

சைடெக்ஸ் என்று எல்லோரும் அழைக்கும் 2 சதவீதக் கரைசல் கண், தோல், மூச்சுக்குழாய் மூன்றையும் பாதிக்கும். தொடர்ந்து கையாள்கிறவர்களுக்கு ஆஸ்துமா வரலாம்.

முதலில் அந்தத் தொட்டிக்குள் என்னென்ன போகின்றன என்று ஒரு வாரம் எழுதுங்கள். எண்டாஸ்கோப்போடு கத்தரிக்கோல், ஃபோர்செப்ஸ், ட்ரோக்கார், லாரிங்கோஸ்கோப் பிளேடு என்று நீராவி தாங்கும் உலோகக் கருவிகளும் உள்ளே கிடக்கும். ‘சீக்கிரம் வேணும்’ என்பதுதான் காரணம். ஒரே ஒரு செட் கருவி வைத்துக்கொண்டு நாலு கேஸ் செய்வதால் வரும் அவசரம் அது. கூடுதலாக இரண்டு செட் வாங்கினால் தொட்டியின் அளவையே சுருக்கிவிடலாம். மாற்றுக் கெமிக்கலுக்கு ஆகும் செலவைவிட இது பல நேரங்களில் மலிவு.

மிச்சம் நிற்பது வளையும் எண்டாஸ்கோப்புகள். அதற்கு ஆர்த்தோ-தாலால்டிஹைடு 0.55 சதவீதம், பெராசிட்டிக் அமிலம் ஆகியவை மாற்று. உங்கள் ஸ்கோப் தயாரிப்பாளர் எதை அனுமதிக்கிறார் என்று கையேட்டில் பார்த்த பிறகே வாங்குங்கள், இல்லாவிட்டால் வாரண்டி போய்விடும். முதலாவதற்கு நெடி குறைவு. அதனால் ஆபத்தில்லை என்று கையுறையைக் கழற்றிவிடுகிறார்கள். அதுவும் ஒவ்வாமை உண்டாக்கும். சிறுநீர்ப்பைப் புற்றுநோய்க்காகத் திரும்பத் திரும்ப சிஸ்டோஸ்கோப்பி செய்துகொள்பவர்களுக்குப் பயன்படுத்தும் கருவியில் அது கூடவே கூடாது. கடும் ஒவ்வாமை அதிர்ச்சி வந்த நிகழ்வுகள் உண்டு. புரதம் ஒட்டியிருக்கும் இடத்தில் அது சாம்பல் நிறக் கறையை விடும். கறை தெரிந்தால் முதல்கட்டக் கழுவுதல் சரியில்லை என்று புரிந்துகொள்ளலாம்.

மாற்றும் வரை குளுட்டரால்டிஹைடைத் தொடர வேண்டியிருந்தால்: மூடியுள்ள தொட்டி, வெளியே காற்றைத் தள்ளும் எக்ஸாஸ்ட், நைட்ரைல் கையுறை, கண்ணாடி. லேடெக்ஸ் கையுறையை இந்தக் கரைசல் ஊடுருவும், சர்ஜிக்கல் மாஸ்க் ஆவியைத் தடுக்காது. ஈரத்தோடு கருவியைப் போடுவதால் கரைசல் நீர்த்துப்போகும். 14 நாள் என்று லேபிளில் இருந்தாலும் ஸ்ட்ரிப் சோதனையில் தோற்றால் அன்றே மாற்றுங்கள். குறைந்த அளவுக்குப் புதுக் கரைசலை ஊற்றி நிரப்பினால் நாள் கணக்கு புதிதாகத் தொடங்காது. தீர்ந்ததை நடுநிலையாக்காமல் சிங்க்கில் கொட்ட வேண்டாம்.

9. பாதரசம், லேப், பூச்சி மருந்து

பாதரசத்தில் தயக்கமே தேவையில்லை. பாதரசப் பயன்பாட்டைக் குறைப்பதற்கான மினமாட்டா உடன்படிக்கையை இந்தியா 2018-ல் ஏற்றுக்கொண்டது. ஒரு தெர்மாமீட்டரில் ஏறக்குறைய ஒரு கிராம்தான் இருக்கும், பழைய பி.பி. மெஷினில் அதைப்போல் பல பத்து மடங்கு. முதலில் சோதிக்கப்பட்ட டிஜிட்டல் கருவியை வாங்கி, அளவு சரிபார்க்கும் ஒப்பந்தம் போட்டு, பிறகு பழையதை ஒரே நாளில் எல்லா மாடியிலிருந்தும் எடுங்கள். இரண்டும் சேர்ந்து இருந்தால் பழையதைத்தான் எடுப்பார்கள். உடைந்தால் துடைப்பத்தால் கூட்டவோ வாக்கும் கிளீனரால் உறிஞ்சவோ கூடாது. கெட்டியான அட்டையால் உருண்டைகளைச் சேர்த்து, சிரிஞ்சால் உறிஞ்சி, தண்ணீர் கொஞ்சம் உள்ள இறுக மூடும் பாட்டிலில் போடுங்கள். மஞ்சள் பைக்கு அது போகக் கூடாது, எரிந்து காற்றில் கலந்துவிடும். அபாயக் கழிவாகப் பதிவு செய்து, கும்மிடிப்பூண்டியில் இருப்பது போன்ற உரிமம் பெற்ற நிலையத்துக்குத்தான் அனுப்ப வேண்டும்.

திசுப் பரிசோதனைக்கு ஃபார்மலின் தேவை, அதை நிறுத்த முடியாது. 40 சதவீதத்தை வாங்கி லேப் மேசையில் கலப்பதை விட்டு, தயாராக வரும் 10 சதவீத நியூட்ரல் பஃபர்டு ஃபார்மலினை, முடிந்தால் நிரப்பிய டப்பாக்களாகவே வாங்குங்கள். எத்திலீன் ஆக்சைடு ஸ்டெரிலைசர் (வாயுவால் கிருமி நீக்கும் மெஷின்) இருந்தால், அதற்குள் போகும் பட்டியலையும் 8-ம் பகுதியில் சொன்னபடி எழுதிப் பாருங்கள். வெப்பம் தாங்காதவை மட்டும் மிஞ்சும். அவற்றில் பலவற்றுக்கு ஹைட்ரஜன் பெராக்சைடு பிளாஸ்மா பொருந்தும், மெஷின் விலைதான் கைக்கு எட்ட வேண்டும்.

கரப்பானுக்கு வார்டில் ஸ்ப்ரே அடிக்காமல் கேன்டீனிலும் பேன்ட்ரியிலும் ஜெல் வையுங்கள். கொசுவுக்கு சம்ப் மூடி, மொட்டைமாடித் தொட்டி வலை, ஏ.சி. தண்ணீர் தேங்கும் தட்டு மூன்றையும் வாரம் ஒருமுறை பாருங்கள்.

10. கொள்முதலைப் பூட்டுவது, பிறகு அளப்பது

மேலே உள்ள அனைத்தும் இரண்டு மாதத்தில் அழிந்துபோகும் வழி ஒன்று உண்டு: கொள்முதல். ‘இரண்டு கேன் வாங்கினால் ஒன்று இலவசம்’ என்று வரும் சப்ளையரின் பொருள் ஸ்டோருக்குள் நுழைந்துவிட்டால் யாராவது அதைப் பயன்படுத்தியே தீர்வார்கள். அனுமதிக்கப்பட்ட பட்டியலில் இல்லாத எதற்கும் தொற்றுத் தடுப்பு சிஸ்டரின் கையெழுத்து இல்லாமல் பில் பாஸ் ஆகக் கூடாது.

மாதாமாதம் பார்க்க வேண்டியவை மூன்று. படுக்கை நாள் (ஒரு நோயாளி ஒரு படுக்கையில் இருக்கும் ஒரு நாள்) ஒன்றுக்கு எத்தனை மில்லி ஹைப்போ போனது; மருத்துவமனைத் தொற்று விகிதம்; ஊழியர்களில் எத்தனை பேருக்குக் கை வெடிப்பு, கண் எரிச்சல், இருமல். மூன்றாவதை ஹவுஸ்கீப்பிங் அக்காக்களிடம் சூப்பர்வைசர் இல்லாத நேரத்தில் கேளுங்கள். தொற்று கூடினால் உடனே பழைய கெமிக்கலுக்குத் திரும்பாமல், கை கழுவும் பழக்கத்தையும் சுத்தம் செய்யும் வரிசையையும் முதலில் சோதியுங்கள்.

ஹவுஸ்கீப்பிங் வெளி ஏஜென்சியிடம் இருந்தால், கெமிக்கலை அவர்களே கொண்டுவரும் ஒப்பந்தமா என்று பாருங்கள். அப்படியென்றால் மலிவானது எதுவோ அதுதான் வரும். கெமிக்கலை மருத்துவமனையே கொடுக்கும், ஆட்களை மட்டும் ஏஜென்சி கொடுக்கும் என்று அடுத்த புதுப்பித்தலில் மாற்றுங்கள். ஏஜென்சியில் ஆட்கள் அடிக்கடி மாறுவார்கள். புது ஆள் வந்தால் முதல் நாளே பழைய அக்கா ஒருவரோடு சேர்த்துவிட்டு, ஹைப்போ கலக்கச் சொல்லி ஸ்ட்ரிப் வைத்துப் பாருங்கள். அளவுக் கப்பு தொலைந்திருந்தால் அன்றே வேறு கொடுத்துவிடுங்கள்.